எட்டடி நீளம், மூன்று ஒட்டுப்பலகைத் தாள்: பட்டில் டக் பாய்ப்படகின் இலவச வரைபடம் பற்றி ஒரு மதிப்பீடு

வீட்டு முற்றத்தில் தன் கையாலேயே ஒரு மரப் பாய்ப்படகு கட்ட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களுள் மிக எளியதும், காசில்லாமல் கிடைப்பதும் பட்டில் டக் ரேசர் என்ற எட்டடிப் படகின் வரைபடம்தான். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அதைப் பார்த்து ஒரு படகைக் கட்டி, சோழகக் காற்று வீசும்போதும் அது அடங்கிய பின்னரும் பரவைக்கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். வரைபடம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எந்த வேலைக்கு நல்லது என்பதையும், இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிற செலவுகள் எவை என்பதையும் அறிந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதில் இறங்க வேண்டும்.

இது 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான ஒரு பந்தயப் படகு வகை. இதன் விதி வழக்கத்துக்கு மாறானது. அடியிலிருந்து மேல்நோக்கி முதல் 10 அங்குலம் எல்லாப் படகுகளிலும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே பக்கப்பலகையின் உயரம், பாயின் வடிவம், பாய்மரம் நிற்கும் இடம், சுக்கான், இருக்கை ஆகிய அனைத்தும் கட்டுகிறவரின் விருப்பம். நீளம் 8 அடி, அகலம் 4 அடி. ஒட்டுப்பலகைத் (பிளைவூட்) தாளின் அளவும் எட்டுக்கு நான்கு அடியாகவே இருப்பதால், அடிப்பலகைக்கு ஒரு தாள், பக்கங்களுக்கு ஒரு தாள், கவிழ்ந்தாலும் படகை மிதக்கவைக்கும் அடைத்த காற்றுப் பெட்டிகளுக்கும் மிகுதிக்கும் இன்னொரு தாள் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் நேராக வெட்டிய பலகை, நிமிர்ந்து நிற்கும் இரு பக்கங்கள், முன்பின்னாக வளைந்த ஓர் அடி, இவ்வளவுதான் படகு. அந்த அடி வளைவு ஒன்றைத் தவிர மற்றெல்லாம் நேர்கோடு என்பதால், ஒரு சாதாரண அலுமாரி செய்யத் தெரிந்தவரால் இதைச் செய்ய முடியும்.

பாய்ப்படகு என்று சொன்னவுடன் எங்கள் ஊரில் எவரும் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி கப்பலைத்தான் நினைப்பார்கள். அந்த நினைப்போடு இந்தப் படகைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம் உறுதி. பாசையூரிலிருந்து வந்த படகு கட்டும் வயதான ஓடாவி ஒருவர் கவிழ்த்து வைத்திருந்த படகைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "இதுக்கு அணியம் எங்க, தம்பி?" என்று படகின் கூரிய முன்முனையைத் தேடிக் கேட்டார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பலகையின் ஓரத்தை நெடுக நோக்கினார்; உள்ளங்கையை வளைவின்மீது வைத்து முன்னிருந்து பின்வரை மெல்ல இழுத்தார். "வளைவு பிழையில்லை. ஆனா அலை வந்தா அடிக்கும்" என்றார். கடலில் இறக்குவதற்கு முன்பே படகின் குணத்தை அவர் சொல்லிவிட்டார் என்பது பின்னர்தான் விளங்கியது.

வரைபடத்தைப் பொறுத்தவரை, அதில் படகின் வடிவத்துக்குரிய அளவுகள் தெளிவாக உள்ளன. அடிவளைவுக்குக் கொடுக்கப்பட்ட புள்ளிகளைப் பலகையில் குறித்து, புள்ளிக்கு ஒன்றாகச் சிறு ஆணிகள் அடித்து, மெல்லிய மரச் சட்டம் ஒன்றை அவற்றோடு அணைத்து வளைத்துப் பென்சிலால் கோடு இழுத்தால் வேலை முடிந்தது. சட்டம் ஏதாவது ஓர் ஆணியில் திமிறி நின்றால், அந்தப் புள்ளி தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். அளவுகள் அங்குலத்தில் இருப்பது எங்களுக்கு வசதி. மீற்றரும் சென்ரிமீற்றரும் பாடசாலையோடு நின்றுவிட, மரக்காலையிலும் தச்சுப் பட்டறையிலும் இன்றும் அங்குலமும் நூலும்தான் பேச்சு. வரைபடம் கேட்கிற கால் அங்குலப் பலகையை இரண்டு நூல் பலகை என்று கேட்டால் கடைக்காரர் மறுபேச்சின்றி எடுத்துத் தருவார். இரு பக்கப்பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கிச் சேர்த்துச் சீவினால், இரண்டும் ஒரே வளைவாக அமைந்துவிடும்.

குறை என்னவென்றால், வடிவத்தைச் சொல்லுகிற அளவுக்கு வரைபடம் வேலையின் ஒழுங்கைச் சொல்வதில்லை. எதை முதலில் ஒட்டுவது, எந்த மூலையை எப்போது மூடுவது, காற்றுப் பெட்டியின் உட்புறத்துக்கு மூடுவதற்கு முன்னர் பூச்சுப் பூச வேண்டும் என்பன போன்றவற்றை வேறு கட்டுநர்களின் படங்களையும் குறிப்புகளையும் தேடிப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. அவை ஆங்கிலத்தில் ஏராளமாக உண்டு என்பது ஆறுதல். ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பதும் உண்டு.

இனிப் பொருள்கள். இந்தப் படகின் ஆயுள் ஒட்டுப்பலகையில்தான் இருக்கிறது. படகுக்கென்றே செய்யப்படும் பலகைக்கு பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தரம் உண்டு. அது யாழ்ப்பாணத்துக் கடைகளில் எளிதில் அகப்படும் பொருள் அன்று. இங்கே கிடைப்பது நீருக்குத் தாங்கும் பசையால் ஒட்டியதாகச் சொல்லி விற்கப்படும் கட்டட வேலைப் பலகை. அந்தச் சொல்லை நம்பி மூன்று தாளையும் ஒருமிக்க வாங்கக் கூடாது. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, அதை ஒரு பானைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடியும் கொதிக்கவிட்டுப் பாருங்கள். உண்மையான நீர்த்தாங்கு பசையாக இருந்தால் அடுக்குகள் பிரியா. நகரத்துக் கடையொன்றில் முழு உறுதியோடு தரப்பட்ட துண்டு, முதற் கொதியிலேயே ஓரம் விரிந்து, விரலால் உரிக்கக்கூடியதாயிற்று; இன்னொரு கடையின் துண்டு இரண்டு கொதிக்கும் அசையவில்லை, விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓரத்தைப் பார்த்து உள்ளடுக்கில் வெற்றிடம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். உள்ளே ஓட்டை இருக்கும் தாள் வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். முறியாவிட்டால் பின்னொரு நாள் அங்கே நீர் தங்கும்.

மூலைகளில் உள்ளே வைத்து ஒட்டுகிற நீண்ட சட்டங்களுக்கு எந்த மரம் என்பதில் பெரியவர்களோடு வாதாட நேரும். வேம்பு உறுதியானது, எங்கள் மண்ணில் வளர்வது, ஆனால் பாரம். பனையைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம். கூரைக்கு அதற்கு நிகரில்லை என்றாலும், இந்த வளைவுக்கு அது இணங்காது. தேக்கு நல்லதுதான், ஆனால் அதன் எண்ணெய்த்தன்மை பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னர் தின்னரால் துடைக்க வேண்டும். கணுவில்லாத, நேராக இழையோடிய மகோகனிச் சட்டங்களை மரக்காலையில் அறுப்பித்து எடுத்தது எனக்கு எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தது.

வரைபடம் ஒன்றுமே சொல்லாத, ஆனால் யாழ்ப்பாணத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி, மரத்தை ஒட்டவும் அதன்மேல் பூசவும் பயன்படும் றெசின் என்ற பிசின். பைபர் படகுகள் நிறைந்த கரை இது. காரைநகரில் சீநோர் தொழிற்சாலை இயங்கிய காலத்திலிருந்தே அந்தப் படகுகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலும் இங்கே பழக்கம். அதனால் பொலியெஸ்ரர் றெசின் குறைந்த விலையில் எங்கும் கிடைக்கிறது, அதைப் பூசத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், "இதைப் பூசுங்கோ, காணும்" என்று அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கிறது. கண்ணாடி இழையோடு அது நன்றாகச் சேரும். மரத்தோடு அதற்கு அவ்வளவு உறவில்லை. ஈரத்துக்கு மரம் பருப்பதும் சிறுப்பதுமாக இருக்க, இறுகிய பொலியெஸ்ரர் அதோடு அசையாமல் நாளடைவில் மரத்தைவிட்டுக் கிளம்பும். கிளம்பிய இடத்தில் உப்புநீர் புகுந்து, வெளியில் தெரியாமலே பலகையை உக்கவைக்கும். மரப்படகுக்கு எப்பொக்சி என்ற மற்ற வகை றெசின்தான் வேண்டும். அதன் விலை கூட. 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருக்கிறது. இந்தப் படகில் எனக்கு அதிகம் செலவானது மரத்துக்கன்று, இந்தத் திரவத்துக்குத்தான்.

எப்பொக்சியைக் குளிர்நாட்டுக்காரர் எழுதிய முறைப்படி இங்கே கையாள முடியாது. அவர்கள் இறுக மறுக்கிறது என்று கவலைப்படுகிறார்கள். எங்களுக்கு அது கையிலேயே இறுகிவிடுகிறது. றெசினும் அதை இறுகவைக்கும் ஹாட்னரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில்தான் சேர வேண்டும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஹாட்னரின் அளவை மாற்றினால் அது முழுதாக இறுகாது. வேகம் குறைந்த ஹாட்னர் வகையைக் கேட்டு வாங்குவதும், சிறிது சிறிதாகக் கலப்பதும், கலந்ததை ஆழமான கோப்பையில் விடாமல் உடனே அகன்ற தட்டொன்றில் ஊற்றிவிடுவதும்தான் வழி. ஆழமாக நிற்கும்போது அது தன் வெப்பத்தாலேயே சூடேறி, புகை கிளப்பிக் கட்டியாகிவிடும். பூசுகிற நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளிவந்து பூச்சைப் பொத்தலாக்கிவிடும்; பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, வெப்பம் இறங்கத் தொடங்கும்போது பூசினால் மரம் குளிர்ந்து றெசினை உள்ளிழுத்துக்கொள்ளும். மறுநாள் மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் தெரிந்தால், அதை முதலில் தண்ணீரால் உரசிக் கழுவிய பின்னரே அரத்தாள் பிடிக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. தோலில் ஒவ்வாமை ஒரு முறை பிடித்துவிட்டால் பிறகு எப்போது தொட்டாலும் அது திரும்ப வரும்.

மூலைகளை நிரப்புவதற்கு எப்பொக்சியோடு சேர்க்கும் மாவுப் பொருளைத் தனியாக வாங்கத் தேவையில்லை. மரக்காலைத் தூளை மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்தால் போதும். வீட்டில் அந்த அரிதட்டைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண இரும்பு ஆணி பரவைக்கடலின் உப்பில் ஒரு மாரி தாண்டாது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலே வேண்டும். பூச்சு முடிந்த படகை வெறும் எப்பொக்சியோடு வெயிலில் விடவும் கூடாது. சூரிய ஒளி அதை மங்கவைத்துத் தளர்த்தும் என்பதால், மேலே பெயின்ற் கட்டாயம்.

பாயில்தான் இந்த வரைபடத்தின் சுதந்திரம் உண்மையில் பயன்படுகிறது. ஏறத்தாழ 60 சதுர அடிப் பரப்பில், மேலும் கீழும் ஒவ்வொரு சட்டம் கட்டிய நாற்பக்கப் பாய் இந்த வகைப் படகுகளில் பலரும் வைப்பது. அதைத் தறப்பாளில் தைக்கலாம். இடம்பெயர்ந்த காலங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூரையாயிருந்த தறப்பாளை வெட்டிப் பாயாக்குகையில் மனம் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஓரங்களை நேர்கோடாக வெட்டினால் பாய் தட்டையாக நிற்கும், காற்றைப் பிடிக்காது. சற்று வெளிநோக்கி வளைத்து வெட்டித் தைத்தால் வயிறு விழும். மேற்சட்டத்தில் ஏற்றுகயிற்றை எந்த இடத்தில் கட்டுவது என்பதும் வரைபடத்தில் இல்லை. பட்டத்துக்கு முச்சை கட்டிப் பழகிய கைக்கு அது பெரிய காரியமன்று: கட்டும் இடத்தை முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு சாண் தள்ளிப் பார்த்து, பாய் இழுக்கும் விதத்தைக் கண்டு பிடித்துக்கொள்ளலாம். பாய்மரத்துக்குச் சவுக்குத்தடி மலிவு, ஆனால் பாரமானது, காயும்போது வெடிக்கும். முற்றிய மூங்கில் அதைவிட நல்லது.

பக்கவாட்டில் படகு வழுகாமல் இருப்பதற்குப் பலகை இரண்டு விதமாக வைக்கலாம்: அடியில் துளையிட்டு அதனூடாக இறக்குவது ஒன்று, படகின் பக்கத்தில் வெளியே ஓர் அச்சில் தொங்கவிடுவது மற்றொன்று. எங்கள் நீருக்கு இரண்டாவது முறைதான் சரி. பரவைக்கடலின் பெரும்பகுதி ஆழமற்றது. மணற்திட்டும் சேறும் எங்கே என்று மேலிருந்து தெரியாது. சிறகுவலைக்காக நட்ட தடிகள் வேறு. அச்சில் தொங்கும் பலகை எதிலாவது பட்டால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும், படகின் அடியில் ஓட்டையும் இல்லை. சுக்கானையும் அவ்வாறே மடங்கும்படி செய்வது நல்லது. ஆயினும் சாதாழை சுற்றிக்கொண்டால் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்கு மாற்றுவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நீரில் படகின் நடத்தை ஓடாவி சொன்னபடியே இருந்தது. பங்குனி, சித்திரையில் காற்று மென்மையாக வரும் பின்னேரங்களில் இதைவிட இனிய படகு இல்லை. நாலடி அகலம் உறுதியைத் தருகிறது, சில அங்குல நீரிலேயே மிதக்கிறது, முழங்கால் ஆழத்தில் இறங்கித் தள்ளிவிட்டு ஏறிக்கொள்ளலாம். காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது அதன் வேகம் பார்ப்பவர்களை வியக்கவைக்கும். சோழகம் பலத்து, பண்ணைப் பாலத்துக்குத் தெற்கே குட்டையும் செங்குத்துமான அலைகள் எழும் நேரத்தில் கதை வேறு. தட்டையான முன்பலகை ஒவ்வோர் அலையையும் அறைகிறது, தெறிக்கும் நீர் முழுவதும் முகத்துக்கு வருகிறது, காற்றை எதிர்த்து ஏறுவது மிக மெதுவாகிறது. அகலத்தால் வருகிற உறுதியும் ஓர் எல்லைவரைதான். அந்தச் சாய்வைக் கடந்தால் படகு எச்சரிக்கை தராமல் கவிழும். கரையோரம் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன். இரு பக்கமும் அடைத்த காற்றுப் பெட்டிகள் இருந்தமையால் அது உயரமாக மிதந்தது, ஒருவர் தனியே நிமிர்த்த முடிந்தது, உள்ளே தங்கிய நீரும் அதிகமில்லை. வரைபடம் தரும் சுதந்திரத்தில் இந்தப் பெட்டிகளை மட்டும் ஒருவரும் விட்டுவிடக் கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறவும் கூடாது. ஆழம் குறைந்த நீர் என்று சொல்லப்படுகிற இடத்திலும் ஓடைகள் உண்டு. படகை இறக்குவதற்கு முன்னர் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, வலைகள் எங்கே கிடக்கின்றன என்று அறிந்துகொள்ளவும் அதுவே வழி.

இதே வேலைக்கு வேறு வரைபடங்கள் இல்லையா என்றால், உண்டு. 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்த ஒப்ரிமிஸ்ற் இதைப் போலவே முன்பலகை வெட்டிய சிறு படகு. அது பிள்ளைகளுக்கானது, வளர்ந்தவர் அதில் கால் நீட்ட இடமில்லை. ஒட்டுப்பலகைப் படகு என்றால் இங்கிலாந்தில் எல்லாரும் சொல்வது மிரர். ஜாக் ஹோல்ற், பரி பக்னெல் ஆகிய இருவரும் 1962-இல் உருவாக்கிய இது, அதற்குப் பணம் போட்ட டெய்லி மிரர் பத்திரிகையின் பெயரைத் தாங்கி, சிவப்புப் பாயோடு 70,000-க்கு மேல் கட்டப்பட்டது. 10 அடி 10 அங்குல நீளம், வெறும் உடலின் எடை 45.5 கிலோ, இருவர் தாராளமாகப் போகலாம், அலையைப் பட்டில் டக்கைவிட நன்றாக வெட்டிச் செல்லும். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து மூலைகளை றெசினால் ஒட்டுகிற முறை அதன் வழியாகத்தான் பரவலாகியது. கயிற்றால் பலகை தைத்துத் தோணி கட்டிய கரைகளில் பிறந்த எங்களுக்கு அந்த முறை கேள்விப்பட்டவுடனே விளங்கிவிடும். ஆனால் அதன் துண்டுகள் பலவும் வளைந்த வடிவம் கொண்டவை. எட்டடித் தாள்களை நீளத்துக்கு ஒட்டிச் சேர்க்கவும் வேண்டும். றெசினும் பல மடங்கு செல்லும். ஒருவரோ, ஒருவரும் ஒரு பிள்ளையுமோ பரவைக்கடலுக்குள் போய்வர விரும்பினால் பட்டில் டக் போதும். வளர்ந்தவர் இருவர் சேர்ந்து ஏற வேண்டும், மண்டைதீவுக்கு அப்பால் போக வேண்டும் என்றால் இந்த வரைபடத்தில் தொடங்கவே வேண்டாம்.

இருவர் தூக்கி இருசக்கர உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரரின் பெட்டியில் வைத்துவிடக்கூடிய எடை என்பதால், படகை நீரில் விட்டுவைக்க வேண்டிய தேவையே இல்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, வேப்பமர நிழலில் கவிழ்த்து வைத்துவிடலாம். நீரிலேயே நிற்கும் மரத்தைத் துளைக்கிற கடற்புழுவின் கவலை அதனால் இல்லாமற் போகிறது. காற்றுப் பெட்டிகளுக்கு மட்டும் திருகித் திறக்கும் மூடி ஒவ்வொன்று வைத்து, கரையில் இருக்கும் நேரமெல்லாம் அதைத் திறந்துவிட வேண்டும். எங்கள் வெயிலில் அடைபட்ட காற்று விரிந்து ஒட்டைப் பிரிக்கப் பார்க்கும். இரவில் உள்ளே வியர்த்து, அந்த ஈரம் வெளியேற வழியின்றி வெளித்தெரியாத பக்கத்தை உக்கவைக்கும். வரைபடத்தை எழுதியவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால், வெப்பநாட்டில் கட்டுகிறவர்களுக்கு அது மற்றெந்தக் குறிப்பையும்விடப் பயன்பட்டிருக்கும்.